ஆகஸ்டில் மசாய் மாரா: அப்பா அம்மாவோடு 7 நாள், இந்தத் திட்டம் தேறுமா?

பொருநைக்கரை | மே 4

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டு சத்தம் போடாமல் போகிறவன். முதல் பதிவு இது.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் கென்யா போகலாம் என்று இருக்கிறோம். நான், அப்பா (68), அம்மா (63). அப்பாவுக்கு இடது முழங்கால் கொஞ்சம் தகராறு, மற்றபடி திடமான ஆள். டிவியில் வில்டபீஸ்ட் (நூ என்றும் சொல்வார்கள், மாடு மாதிரி இருக்கிற மான் வகை) மாரா ஆற்றை மந்தை மந்தையாகக் கடக்கிற காட்சி வந்தால் சேனலை மாற்ற விடமாட்டார். "இதை ஒருதடவ நேர்ல பாத்துரணும்ல" என்று எத்தனையோ வருடமாகச் சொல்கிறார். பயணத்துக்குக் காரணமே அதுதான்.

ஏஜென்ட் கொடுத்த திட்டம்: நைரோபியில் இறங்கிய அன்றே அம்போசெலி, அங்கே ஒரு இரவு. அப்புறம் நைவாஷா ஏரி ஒரு இரவு, நகுரு ஒரு இரவு, மாரா இரண்டு இரவு. ஆறாம் நாள் நைரோபி திரும்பி, ஏழாம் நாள் விமானம். மேல்கூரையைத் தூக்கிவிடுகிற வேன். "ஒரே ட்ரிப்ல எல்லா இடமும் கவர் ஆயிரும் சார்" என்கிறார்.

கேட்க நினைப்பது: இரண்டு நாளில் ஆற்றைக் கடப்பதைப் பார்த்துவிடலாமா? மாரா வரை போகிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவின் செரெங்கெட்டிதானே, ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வர முடியுமா? அம்மா முட்டைகூடச் சாப்பிடமாட்டாள், அங்கே என்ன கிடைக்கும்?

---

செலவாளி | மே 4

முதலில் ஏஜென்ட் எவ்வளவு சொன்னார் என்று போடுங்கள் சகோ. மற்றதெல்லாம் அப்புறம்.

---

கணக்கர்_நைரோபி | மே 5

பொருநைக்கரை, 11 வருடமாக நைரோபியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாராவுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்.

கூட்டிப் பாருங்கள். நைரோபி - அம்போசெலி 4 முதல் 5 மணி நேரம். அங்கிருந்து நைவாஷா 6 மணி நேரம் ஆகும், நைரோபி நெரிசலில் மாட்டினால் இன்னும் இழுக்கும். நைவாஷா - நகுரு ஒன்றரை. நகுரு - மாரா 5 அல்லது 6. மாரா - நைரோபி இன்னொரு 6. ஆக 22 மணி நேரத்துக்குக் குறையாமல் அப்பா முழங்காலை மடக்கிக்கொண்டு வேனில் உட்காரப் போகிறார். மாராவில் "இரண்டு இரவு" என்றால் என்ன அர்த்தம்? ஒருநாள் மத்தியானம் போய்ச் சேருவீர்கள், ஒரு முழு நாள் கிடைக்கும், மறுநாள் காலையில் கிளப்பிவிடுவார்கள். அந்த ஒரு நாளில் ஆறு உங்களுக்காகக் காட்சி நடத்துமா?

மாராவில் மட்டும் நான்கு இரவு இருங்கள். மீதி நாளுக்கு நைரோபி தேசியப் பூங்காவே போதும். 117 சதுர கிலோமீட்டர்தான், 1946-இல் தொடங்கியது. நகரத்தின் மாடிக் கட்டடங்கள் பின்னால் தெரிய, முன்னால் காண்டாமிருகம் மேயும். அரை நாள் வேலை.

நகுருவில் ஃபிளமிங்கோ என்று சொல்லியிருப்பாரே? ஏரி நீர்மட்டம் சில வருடங்களில் ஏறி, கரையோரச் சாலையையே முழுங்கிவிட்டது. பறவைகளில் பெரும் பங்கு போகோரியா ஏரிப் பக்கம் போய்விட்டன. காண்டாமிருகத்துக்கு நகுரு இன்றும் நல்ல இடம், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரசுரத்தில் போடும் அந்த ரோஸ் நிற ஏரிப் படம் பழைய படம்.

செரெங்கெட்டி எட்டிப் பார்ப்பது நடக்காது. மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளிதான், நடுவில் வேலிகூட இல்லை, மிருகங்கள் பாட்டுக்குப் போகும் வரும். ஆனால் 1977-இல் கென்யாவும் தான்சானியாவும் சண்டை போட்டு எல்லையை மூடினார்கள். 1983-இல் மற்ற எல்லையெல்லாம் திறந்தது, மாராவை ஒட்டிய அந்த வாசல் மட்டும் சுற்றுலாக்காரர்களுக்குத் திறக்கவே இல்லை. இசெபானியா எல்லை வாசல் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். ஒரு பகல் காலி, இன்னொரு விசா.

செலவாளிக்கு: மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. 2024-இல் வந்த கணக்கு இது. ஒரு சீட்டுக்கு 12 மணி நேரம். மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு 600 டாலர், தங்குவது, வண்டி எல்லாம் தனி. ஏஜென்ட் மாராவை இரண்டு இரவில் முடிப்பதற்குக் காரணம் இதுதான். அவர் மேல் தப்பில்லை, மொத்தத் தொகை குறைவாகத் தெரிந்தால்தானே நீங்கள் சரி என்பீர்கள்.

---

செலவாளி | மே 5

600 டாலரா! முதுமலையில் ஒரு மாதம் தங்கலாமே.

---

லென்ஸ்_மாப்பிள்ளை | மே 5

கணக்கர் அண்ணன் சொல்வதில் பாதிக்கு சரி. ஆனால் ஆற்றைக் கடப்பதைப் பற்றி இப்படிப் பயமுறுத்த வேண்டாம். நான் இரண்டு முறை போய் மூன்று முறை பார்த்திருக்கிறேன். கரையில் சில ஆயிரம் சேரும். தண்ணீர் வரை வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும். திடீரென்று ஒன்று குதிக்கும். அவ்வளவுதான், பின்னால் நிற்பதெல்லாம் மதகு திறந்த மாதிரி இறங்கும். புழுதி, கத்தல், தண்ணீர்த் தெறிப்பு. கை நடுங்கி முதல் தடவை ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை எனக்கு. முதலை இழுப்பது நாம் நினைப்பதைவிடக் கம்மி. நெரிசலில் மூழ்குவதுதான் அதிகம்.

அப்பாவின் ஆசை அதுதானே? அதற்காகப் போகட்டும். நான்கு நாளும் ஆற்றங்கரையிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

---

கணக்கர்_நைரோபி | மே 5

மாப்பிள்ளை, மூழ்குவது பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள், மாரா ஆற்றில் சராசரியாக வருடத்துக்கு 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன. பிணந்தின்னிக் கழுகும் மீனும் முதலையும் சதையைத் தின்றுவிடும், எலும்பு மட்டும் ஆற்றடியில் கரைந்து தீர 7 வருடம் ஆகுமாம். ஆற்றுக்கே உரம் போடுகிற மாதிரி.

ஆனால் நான்கு நாளும் கரையில் நிற்கச் சொல்வது பாவம். ஆகஸ்டில் ஒரு கடவு என்று ரேடியோவில் செய்தி போனால் வண்டிகள் எப்படிக் குவியும் என்று உங்களுக்கே தெரியும். சிங்கம், சிறுத்தை பக்கத்தில் ஐந்து வண்டிதான் நிற்கலாம் என்று விதி இருக்கிறது, கூட்டம் இருந்தால் வண்டிக்குப் பத்து நிமிடம். ஆற்றங்கரையில் அதெல்லாம் காற்றில் போய்விடும். வண்டி முன்னால் போய் நின்றால் மந்தை மிரண்டு திரும்பிவிடும். பார்க்க வந்தவனே பார்க்கவிடாமல் பண்ணுவது.

---

செம்போத்து | மே 6

ஊர்க்காரர்கள் எல்லோரும் நூ மாட்டுக்கும் சிங்கத்துக்குமே போகிறீர்கள். தம்பி பொருநைக்கரை, ஒரு தொலைநோக்கி வாங்குங்கள், 8 மடங்கு போதும். ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று. அப்பாவும் நீங்களும் மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டிருந்தால் பறவை பறந்தே போய்விடும்.

நம் வயல்வெளிக் கம்பியில் உட்காருமே பனங்காடை, அதன் சொந்தக்காரன் அங்கே ஊதா மார்போடு ஒவ்வொரு முள்மரத்திலும் உட்கார்ந்திருப்பான். மைனா குடும்பத்தில் ஒன்று நீலமும் செம்பழுப்புமாக மின்னும், சாப்பாட்டுத் தட்டருகே வந்து நிற்கும். புல்லுக்குள் கால்சட்டை போட்ட குமாஸ்தா மாதிரி நடந்துபோகும் செக்ரட்டரி பறவை, பாம்பை மிதித்தே கொல்லும். மாராவில் ஒரு காலையில் நாற்பது வகை எழுதினேன், வண்டி இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை.

மரங்களையும் பாருங்கள். அந்தக் குடை விரித்த முள்மரம் இருக்கிறதே, ராமநாதபுரம் பக்கம் நிற்கும் நம் குடைவேல் மரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. சுரைக்காய் மாதிரி காய் தொங்கும் மரம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். கிளையில் சிறுத்தை படுத்திருக்க வாய்ப்பு உண்டு. வால் மட்டும் தொங்கும்.

இன்னொன்று. கேமராவுக்கு முக்காலி வண்டிக்குள் உதவாது. காலித் துணிப்பை ஒன்று எடுத்துப் போங்கள். மாரா போகும் வழியில் நரோக் ஊரில் ஒன்றிரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, கூரை விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸை வையுங்கள். ஆடவே ஆடாது.

---

மூங்கில்காடு | மே 6

ஒரு சின்ன வேண்டுகோள். நம் செய்தித்தாள்கள் வில்டபீஸ்டைக் "காட்டெருமை" என்று எழுதித் தொலைக்கின்றன. காட்டெருமை அங்கே வேறே இருக்கிறது, அதனிடம் மாட்டினால் தெரியும். அதேபோல சீட்டாவையும் லெப்பர்டையும் சிறுத்தை என்றே எழுதுகிறார்கள். சீட்டா சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு இருக்கும், பகலில் வேட்டையாடும், மரமேறிப் பிணத்தைத் தொங்கவிடாது. நம் நாட்டில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்தார்கள், 2022-இல் நமீபியாவிலிருந்து குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்களே, அது. இழை தடம் மாறியதற்கு மன்னிக்கவும்.

---

வடமராட்சியான் | மே 7

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோ. யால காட்டுக்குப் பலதரம் போனவன், அதனால சிறுத்தை புலி பாக்கிற பைத்தியம் சின்ன வயசிலேயே தொற்றிவிட்டது. 2019 பெப்ரவரியில் செரெங்கெட்டியின் தெற்கே ந்டூட்டு பக்கம் போனோம். ஆறு கடக்கிறதை எல்லாரும் கதைக்கிறார்கள், கன்று போடுகிறதை ஏன் ஒருத்தரும் கதைக்கிறதில்லை?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மந்தை முழுதும் அந்தக் குட்டைப் புல்வெளியில்தான் நிற்கும். ஒல் டோய்ன்யோ லெங்காய் எரிமலை கக்கின சாம்பல் படிந்த மண் அது, புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பொஸ்பரசும் கூட. பால் குடுக்கிற தாய்க்கு அதுதான் வேணும். இரண்டு மூன்று கிழமைக்குள்ளே பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும். நாங்கள் பார்த்த ஒரு கன்று விழுந்து, உதறி, எழும்பி, திரும்ப விழுந்து, பிறகு நின்றது. மணிக்கூட்டைப் பார்த்தனான், ஆறு நிமிடம். கொஞ்சத் தூரத்தில் கழுதைப்புலி ஒன்று குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு மூச்சு வரவில்லை.

தம்பி, ஆகஸ்ட் என்று முடிவெடுத்தால் மாராதான். ஆனால் பெப்ரவரிக்கு மாத்த ஏலுமென்றால் யோசியுங்கோ. நுளம்புக்கு முழுக்கைச் சட்டை மறக்க வேண்டாம், மலேரியாக் குளிசையும் வைத்தியரிடம் கேட்டு எடுங்கோ.

---

அருஷாவாசி | மே 7

வடமராட்சி அண்ணன் எங்கள் தான்சானியா பக்கத்துக்கு வாதாடியதற்கு நன்றி. செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர், மாரா 1,510. மந்தை வருடத்தில் பெரும்பகுதி எங்களிடம்தான், உங்களிடம் மூன்று மாதம் விருந்து. கணக்கர் சார் கோபப்பட வேண்டாம்.

பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கழிப்பறை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினோரு மணி வரை வண்டியை விட்டு இறங்க முடியாது. ஓட்டுநர் ஒரு மொட்டைவெளியில் நிறுத்தி, சுற்றி ஒரு வட்டமடித்துப் பார்த்து, வண்டிக்குப் பின்னால் போகச் சொல்வார். அதற்கு சுவாஹிலியில் "குச்சிம்பா தாவா" என்பார்கள். நேரடியாகச் சொன்னால் "மருந்துக்கு வேர் தோண்டப் போவது". அப்பாவுக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுங்கள், ரொம்ப உதவும்.

கறுப்பு, அடர் நீலச் சட்டை வேண்டாம். கடிக்கிற ட்செட்சே ஈ அந்த நிறத்தைத் தேடி வரும். சில இடங்களில் மரத்தில் நீலமும் கறுப்புமாகத் துணி தொங்கும், அது ஈக்குக் கட்டிய பொறி. ஜீன்ஸோடு வந்த ஒருவர் வண்டிக்குள் ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

---

மூங்கில்காடு | மே 8

செரெங்கெட்டி பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த "மனிதர் காலடி படாத" புல்வெளியில் மசாய்கள் மாடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1951-இல் பூங்கா ஆனது, 1959-இல் அவர்களை ந்கொரோங்கொரோ பக்கம் நகர்த்தினார்கள். 2022-இல் பூங்காவை ஒட்டிய லோலியோண்டோவில் மறுபடி நில அளவை, மறுபடி மோதல். செரெங்கெட்டி என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்தது, முடிவில்லாமல் நீளும் நிலம் என்று பொருள். பெயரை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள்.

---

லென்ஸ்_மாப்பிள்ளை | மே 8

அங்கே மாடும் மேய விட்டிருந்தால் இன்று பார்க்க ஒன்றுமே மிஞ்சியிருக்காது சகோ. இரண்டையும் சேர்த்து யோசிக்கணும்.

---

கணக்கர்_நைரோபி | மே 8

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது மாப்பிள்ளை. இந்தப் புல்வெளியை முதலில் காலி செய்தது மாட்டு நோய். 1890-களில் ரிண்டர்பெஸ்ட் வந்து மசாய் மாடுகளும் வில்டபீஸ்டும் சேர்ந்தே மடிந்தன. பிறகு மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள், காட்டு விலங்குகளிடமும் நோய் அற்றது. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் இருந்த மந்தை, 70-களின் கடைசியில் 13 லட்சத்தைத் தொட்டது. மாட்டுக்குப் போட்ட ஊசிதான் இன்று நீங்கள் படம் எடுக்கிற மந்தை.

மாடும் சிங்கமும் ஒரே நிலத்தில் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டுமானால் மாராவின் வடக்கு, கிழக்கு ஓரம் இருக்கும் கன்சர்வன்சிகளுக்குப் போங்கள். நபோய்ஷோ, ஒலாரே மொட்டொரோகி, மாரா நார்த் மாதிரி. நிலம் மசாய் குடும்பங்களுடையது, பட்டா அவர்கள் பெயரில். முகாம்கள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. மேய்ச்சலை முறைவைத்து விடுகிறார்கள். வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இரவில் வண்டியில் சுற்றலாம், ஆளோடு நடந்தும் போகலாம், மாரா ரிசர்வுக்குள் (காப்பகத்துக்குள்) இரண்டும் கிடையாது.

பொருநைக்கரை, காசு கொஞ்சம் கூடும். ஆனால் இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். இரண்டு இரவு ரிசர்வ். ஆற்றை அங்கிருந்து பாருங்கள், கிடைத்தால் கிடைக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை இப்போதே பாருங்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி விடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். ஆனால் 60 தாண்டியவர்கள் முதல்முறையாகப் போடும்போது பக்கவிளைவு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அப்பா, அம்மா இருவரையும் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு டிக்கெட் எடுங்கள். நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பிளாஸ்டிக் பை ஒன்றுகூடக் கொண்டுவராதீர்கள், 2017-இலிருந்து தடை. அம்மா ஊறுகாயைக் கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

---

பொருநைக்கரை | மே 10

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மாட்டு ஊசிக் கதையைத்தான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார் (ரிட்டயர் ஆகும்வரை கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர்). நான்கு இரவும் மாரா என்று ஏஜென்டிடம் சொன்னேன். "போரடிக்கும் சார்" என்றார்.

---

பொருநைக்கரை | செப்டம்பர் 2

போய்ட்டு வந்துட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே வம்பு. எழுத்தில் கொடுத்திருந்தது லேண்ட் க்ரூஸர், வாசலில் வந்து நின்றது வேன். நிறுவனத்தின் பெயர் போடவில்லை, இன்னும் பாக்கிப் பணம் பேசிக்கொண்டிருக்கிறேன். மின்னஞ்சலைக் காட்டி வாதாடி வண்டி மாற மத்தியானம் ஆகிவிட்டது, அரை நாள் போச்சு. போகிறவர்கள் வண்டியின் வகையை எழுதி வாங்குங்கள். வாங்கியிருந்ததால்தான் எனக்கு மாறவாவது மாறியது.

ஓட்டுநர் அருமையான மனிதர். அப்பாவை "ம்ஸே" என்பார், பெரியவர் என்று அர்த்தமாம். அம்மாவை "மாமா" என்று கூப்பிட்டார், அங்கே மாமா என்றால் அம்மா. முதல் நாள் முழுக்க அம்மா பின்னால் திரும்பி அப்பாவையே பார்த்தாள், அவரைத்தான் கூப்பிடுகிறார் என்று.

குளிரை யாரும் இங்கே அழுத்திச் சொல்லவில்லையே! ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போனோம். மாரா 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் திறந்த கூரையில் நின்றால் கொடைக்கானல்தான். அப்பா மங்கி குல்லாவோடு சிங்கம் பார்த்தார்.

சாப்பாட்டில் பிரச்சினையே இல்லை. சப்பாத்தி அந்த ஊர்க்காரர்களின் சொந்தச் சாப்பாடு, பெயரும் சப்பாத்திதான். ரயில்பாதை போட்ட காலத்தில் நம் நாட்டிலிருந்து போனவர்கள் விட்டுவந்தது. சுகுமா விக்கி என்று ஒரு கீரைப் பொரியல், உகாலி என்று வெள்ளைக் களி. அம்மா களியைக் கண்டதும் ஊறுகாயை எடுத்துவிட்டாள் (கண்ணாடிப் பாட்டில், கணக்கர் அண்ணா).

சரி, ஆறு. இரண்டாம் நாள் காலை 9.15-க்குக் கரையில் போய் நின்றோம். எதிர்க்கரையில் இரண்டு மூன்றாயிரம் இருக்கும். சத்தம் டிவியில் வருகிற மாதிரியே இல்லை, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமுகிற மாதிரி. எங்களைச் சுற்றி 31 வண்டி, எண்ணினேன். பதினொன்றரைக்கு முன்வரிசை தண்ணீர் வரை இறங்கியது. எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். அப்பா தொலைநோக்கியை இறக்கிவிட்டு, "இறங்காது" என்றார். "முன்னத்தி தயங்குது. பாரு, காதை மட்டும் முன்னாடி வச்சுக்கிட்டு ஒடம்ப பின்னால இழுக்கு. நம்ம மாடு ஓடையில நிக்குமே, அதேதான்." நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஓட்டுநர் சிரித்துவிட்டு, "ம்ஸே சொல்றது சரி" என்றார். அப்படியே திரும்பிப் போயின.

மறுபடி ஒரு மணிக்கு வந்தன. இந்தத் தடவை அப்பா எழுந்து நின்றுவிட்டார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "இப்ப இறங்கும்" என்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் ஒரு வேன் முன்னால் பாய்ந்து, சரிவுக்கு நேரே போய் நின்றது. மந்தை சிதறி மேட்டில் ஏறிவிட்டது. 1.20. அப்பா உட்கார்ந்தார். அந்த வேன்காரனை அவர் திட்டிய திட்டை இங்கே எழுதினால் நிர்வாகி இழையைப் பூட்டிவிடுவார்.

மறுநாள் நாங்கள் கன்சர்வன்சிக்கு மாறிய பிறகு அதே இடத்தில் கடந்ததாகச் செய்தி வந்தது. சிரிக்கலாம், மாப்பிள்ளை.

கன்சர்வன்சியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணி, ஒரு மரம்கூட இல்லாத பொட்டல். ஒரு பெண் சிங்கம் நேரே எங்கள் வண்டியை நோக்கி நடந்து வந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்து, கையைக் காட்டி அசையாமல் இருக்கச் சொன்னார். அது வந்து, வண்டியின் நிழலில், அம்மா உட்கார்ந்திருந்த பக்கச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டது. வண்டி லேசாக அசைந்தது.

மேலேயிருந்து பார்த்தோம். வயிறு அவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது. முகம் பூரா ஈ. ஒரு காதின் ஓரம் கிழிந்து பழுத்து ஆறியிருந்தது, மடலுக்குள் மூன்று உண்ணி. ஈரச் சாக்கும் பழைய ரத்தமும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். அம்மா குனிந்து பார்த்துவிட்டு என் காதில், "நம்ம செவலைக்கு இருந்த மாதிரியே உண்ணி இருக்கு பாரு" என்றாள். ஒருதடவை அது தலையைத் தூக்கி மேலே பார்த்தது. கண் மஞ்சள் என்று படங்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் நம் பக்கம் திரும்பிவிட்டு நம்மைப் பொருட்படுத்தாமல் மூடிக்கொள்ளும் என்று தெரியாது.

முதல் இருபது நிமிடம் யாரும் மூச்சுவிடவில்லை. முப்பதாவது நிமிடத்தில் அப்பா மெல்ல, "லேய், மருந்து தோண்டணும்" என்றார்.

இன்ஜினைக் கிளப்பினால் மிரளும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் ஓட்டுநர். அப்பா பொறுத்தார். வேறு வழி? ஐம்பது நிமிடம் கழித்து, தூரத்தில் எதையோ பார்த்து அது எழுந்து போனது. இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனபிறகுதான் அப்பாவை இறங்கவிட்டார்.

அன்று மாலை மசாய் பையன்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள், சிங்கம் படுத்திருந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா இறங்கிப் போய்க் கைச்சைகையிலேயே அரை மணி நேரம் பேசினார். ஒரு மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொன்னார். அவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். நான்கு நாளில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

---

லென்ஸ்_மாப்பிள்ளை | செப்டம்பர் 2

சிரிக்கவில்லை சகோ. எனக்கு இரண்டு பயணத்திலும் சிங்கம் வண்டிமேல் சாயவில்லை. படம் இருக்கிறதா?

---

பொருநைக்கரை | செப்டம்பர் 2

ஒன்றுதான். பாதிக்கு மேல் அம்மாவின் முழங்கை.

---

வடமராட்சியான் | செப்டம்பர் 3

அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெப்ரவரியில் ந்டூட்டு போங்கோ. கன்று போடுகிறதை அவர் பாக்க வேணும்.

---

பொருநைக்கரை | செப்டம்பர் 3

இந்த இழையை அவரிடம் காட்டியது தப்பாகப் போச்சு. காலையிலிருந்து "பிப்ரவரிக்கு டிக்கெட் என்ன வெல" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

---

செம்போத்து | செப்டம்பர் 3

பறவை ஒன்றுகூட எழுதவில்லையே தம்பி. சரி, அரிசிப்பை உதவியதா?

---

பொருநைக்கரை | செப்டம்பர் 3

நன்றாகவே உதவியது அக்கா. நரோக்கில் இரண்டு கிலோ வாங்கினோம். திரும்பும்போது ஓட்டுநர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா உடனே தரவில்லை. கடைசி ராத்திரி கூடாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு தட்டில் கொட்டி, கல் பொறுக்கி, புடைத்துத்தான் பையில் போட்டாள். வெளியே எங்கேயோ கழுதைப்புலி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. "அது கத்தட்டும், நீ அந்த டார்ச்ச ஒழுங்கா பிடி" என்றாள்.